பிள்ளைக்கு முன்னாடியே பழக்கமாமே?

தியாகராய நகர், சென்னை.
யுவ வருஷம், ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

காஞ்சிபுரத்தில் இருக்கும் என் தமையனார் தணிகாசல முதலியார் அவர்கள் சமூகத்திற்கு, தங்கை தேவானை தெண்டனிட்டு எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான், உங்கள் மைத்துனர், சுப்பராயன் எல்லோரும் ஏகாம்பரநாதர் கிருபையால் சௌக்கியம் என்று எழுதுவது முறை. அப்படி எழுதிவிட்டதாகவே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அவ்விடம் உங்கள் முழங்கால் வலியையும் அண்ணியின் பல்வலியையும் குழந்தைகளின் சளியையும் விசாரிக்க வேண்டியது என் கடமை. விசாரித்துவிட்டேன். பதில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையைக் கழுவிவிட்டு, அடுத்த ரயிலில் ஏறி மயிலாப்பூருக்குப் போய், மாசிலாமணி முதலியார் வீட்டுக் கூடத்தில் நடுவாக நின்று, கற்பூரம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அணைத்து, “என் தங்கை பிள்ளை சுப்பராயனுக்கு எந்தப் பழக்கமும் கிடையாது” என்று சத்தியம் செய்ய வேண்டும். நீங்கள் செய்தால் அவர் நம்புவார். வேறு யார் செய்தாலும் நம்ப மாட்டார். அவர் நம்பவில்லையென்றால் என் பிள்ளையின் கல்யாணம் நின்று போகும். நின்று போனால் ஏன் நின்றது என்று ஊர் கேட்கும். கேட்டால் சொல்ல வேண்டிய காரணம் வெளியே சொல்லக்கூடியதல்ல. அவசரத்தில் எழுதுவதால் எழுத்துக் கோணலாக இருக்கும், மன்னிக்கவும்.

இது நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம். சுப்பராயனுக்கு இரண்டு வருஷமாகப் பெண் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது உங்களுக்குத் தெரியும். சைதாப்பேட்டைப் பெண் உயரம் என்றான். பூந்தமல்லிப் பெண் குள்ளம் என்றான். சூளையிலிருந்து வந்த பெண்ணுக்கு உயரம் அளவெடுத்தாற்போல் இருந்தது, அதனால் தலைவலி என்று படுத்துக்கொண்டான். தை மாதம் நீங்கள் வந்து, உங்கள் பால்ய சிநேகிதர் மாசிலாமணி முதலியாரின் பெண் மங்கையர்க்கரசியின் ஜாதகத்தை எடுத்து வைத்தீர்கள். பெண்ணைப் பார்க்கக்கூட வேண்டாம், மாமா சொன்னால் சரி என்று ஒரே வார்த்தையில் சம்மதித்துவிட்டான். “பார்த்தீங்களா, பெரியவங்க பேச்சைக் கேக்கணும்னு சின்ன வயசிலேர்ந்து பழக்கினது எப்படி வேலை செய்யுது” என்று அன்றைக்கே இவரிடம் சொல்லிப் பூரித்துப் போனேன். எல்லாம் கூடி வந்தது. வருகிற வாரம் நிச்சயதார்த்தம், ஆவணி முடிவதற்குள் முகூர்த்தம் என்று பேச்சு. ஆவணி போனால் புரட்டாசி, புரட்டாசியில் கல்யாணம் இல்லை, அதற்குள் யார் மனசு எப்படி மாறுமோ.

இதற்கெல்லாம் வினை எங்கிருந்து வந்தது என்றால், மாதர் சங்கத்திலிருந்து வந்தது. இந்தப் பேட்டையில் வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். ஆகையால் சங்கத்தில் பேசத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு தடவை பேசித் தீர்த்துவிட்டார்கள். மிச்சம் நான் ஒருத்திதான். குடும்ப வாழ்க்கையில் விடாமுயற்சியும் தினசரிப் பழக்கங்களும் என்று விஷயம் கொடுத்தார்கள். எனக்கு அதில் பேசுவதற்கா குறைச்சல்? இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தையை வலது கைக்கு மாற்றியது, வேப்பங்குச்சியைக் கண்டால் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவனைத் தானாகவே கேட்டு வாங்கிப் பல் தேய்க்க வைத்தது, சாப்பிட்ட இடத்தை அவனே மெழுகப் பழக்கியது, எல்லாம் சொன்னேன். ஒரு நல்ல பழக்கம் பிள்ளை உடம்பில் ஒட்டுகிற வரைக்கும் தாய்க்கு அலுப்பு வரக் கூடாது, அலுப்பு வந்தாலும் பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று சொன்னபோது, முன் வரிசையில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். ஜலதோஷமாகவும் இருக்கலாம், இங்கே ஏரியைத் தூர்த்து வீடு கட்டியதில் சுவரெல்லாம் ஓதம். ஆனால் கைதட்டல் நிஜம். அன்றிலிருந்து பழக்கம் என்ற சொல் என் நாக்கிலேயே குடியிருந்துவிட்டது. பால்காரன் தண்ணீர் கலந்தால்கூட “இது நல்ல பழக்கம் இல்லேப்பா” என்றுதான் வாயில் வந்தது.

நான் அன்றைக்குப் பேசியதில் சிகரமாக வைத்தது, சுப்பராயன் விடியற்காலையில் எழுந்து நடக்கப் போவதைத்தான். மற்றதெல்லாம் நான் பழக்கியது, இது ஒன்றுதான் அவனாகப் பழகிக்கொண்டது. ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கிழக்கு வெளுக்கும் முன்பே எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, சலவை ஜிப்பா போட்டு, தலையைப் படியப் படிய வாரிக்கொண்டு, கடற்காற்று வாங்கச் சாந்தோம் வரைக்கும் நடந்தே போய்விட்டு வருவான். நடக்கப் போவதற்கு எதற்குடா சலவை ஜிப்பா என்று ஒரு தடவை கேட்டேன். எங்கே போனாலும் சுத்தமாகப் போக வேண்டும் என்று நீதானே அம்மா சொல்லிக் கொடுத்தாய் என்றான். அன்றைக்கே இன்னொரு ஜிப்பாவையும் சலவைக்குப் போட்டேன். ஒரு நாள் ஜிப்பாப் பையில் கதம்பம் ஒரு துண்டு இருந்தது. கோயிலுக்குள்ளும் நுழைந்துவிட்டு வருகிறான் போலிருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இந்தக் காலத்தில், பி.ஏ. படித்துவிட்டு உத்தியோகமும் பார்க்கிற எந்தப் பிள்ளைக்கு அண்ணா இப்படித் தோன்றும்?

போன வாரம் மத்தியானம், மாசிலாமணி முதலியாரின் தங்கை கெங்கம்மாள் ஜட்காவில் வந்து இறங்கினாள். பெண்ணுக்கு அத்தை அவள்தான், அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். பலகாரம் வைத்தேன். ஒன்றைப் பிட்டு வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்து, சமையலறைப் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“தப்பா நெனச்சிக்காதீங்க. காதுல விழுந்தது, கேக்காம இருக்க முடியலே. பிள்ளைக்கு முன்னாடியே பழக்கமாமே?”

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சங்கத்தில் பேசியது மயிலாப்பூர் வரைக்கும் எட்டிவிட்டது என்று நினைத்தேன். உச்சி குளிர்ந்துவிட்டது.

“ஆமாங்க, ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. யாரும் சொல்லிக் குடுக்கலே, தானாத்தான் ஆரம்பிச்சுது” என்றேன்.

“அப்போ உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? தெனம் நான்தானே முன்னாடியே எழுந்து கதவைத் திறந்து விடறேன்.”

அவள் பலகாரத்தைத் தட்டில் வைத்துவிட்டாள். “அவங்க அப்பா?” என்றாள்.

“அவரு என்ன சொல்லப் போறாரு? அந்த வயசுல அவரும் இப்படித்தான் இருந்தாராம். கல்யாணம் ஆனதும் விட்டுட்டாரு.”

“தெனமுமா?”

“மழை பேஞ்சாக்கூடக் குடையை எடுத்துக்கிட்டுப் போயிடுவான். ஒரு நாள் தப்பினா அன்னிக்கு முழுக்க மூஞ்சியில ஈயாடாது. எது வந்தாலும் இதை மட்டும் விட்டுடாதேடான்னு நானே சொல்லி வச்சிருக்கேன்.”

கெங்கம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். எழுந்தாள். வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினேன், அது அவள் கண்ணிலேயே படவில்லை. ஜட்காவில் ஏறிப் போய்விட்டாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, அண்ணா. பலகாரத்தில் எண்ணெய் அதிகமாகி வயிற்றைப் புரட்டிவிட்டது என்று நினைத்து, அடுத்த தடவைக்கு நெய்யில் செய்ய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டு ஆள் அனுப்பினோம். “பார்த்துச் சொல்றோம்” என்று பதில் வந்தது. பெண் வீட்டார் பார்த்துச் சொல்வதற்கு இன்னும் என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் வேலை செய்கிறாளே முனியம்மாள், அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வருகிறவள், அவள்தான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“இன்னாம்மா, பொண்ணு வூட்லேர்ந்து ஆளயே காணோம்?”

“தெரியலே முனியம்மா. அத்தைக்காரி வந்தாங்க. பிள்ளைக்குப் பழக்கமான்னு கேட்டாங்க, ஆமான்னேன். போயிட்டாங்க.”

அவள் கையிலிருந்த சொம்பு நழுவிக் கிணற்றடி வரைக்கும் உருண்டு போனது. “அய்யய்யோ, ஆமான்னா சொன்ன? இன்னாம்மா நீ, படிச்ச பொம்பள! பழக்கம்னா குடிக்கறதும்மா. எங்க வூட்டுக்காரருக்குப் பழக்கம் கீதுன்னு நான் சொன்னா, தெனம் பல்லு வெளக்கறாருன்னா அர்த்தம்?”

அண்ணா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கெங்கம்மாளிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து என் முன்னால் நின்றது. தானாக ஆரம்பித்தது. விடிவதற்கு முன்பே. மழையானாலும் குடை பிடித்துக்கொண்டு. ஒரு நாள் தப்பினால் மூஞ்சி தொங்கிப் போகும். தாய்க்காரியே கதவைத் திறந்து விடுகிறாள், விட்டுவிடாதே என்று புத்தி வேறு சொல்கிறாள். அப்பனும் கல்யாணம் வரைக்கும் அப்படித்தான். இதையெல்லாம் யார் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்? ஞாயிற்றுக்கிழமை தோறும் கடற்கரையில் பெஞ்சு மேல் ஏறி நின்று, கள்ளையும் சாராயத்தையும் ஒழிக்க வேண்டும் என்று தொண்டை கட்டப் பேசுகிற மனிதர் வீட்டுக்கு! அவருடைய பெண்ணையே கேட்டுவிட்டு!

இவரிடம் சொன்னேன். பென்ஷன் வாங்கிய நாளிலிருந்து இவர் எதற்கும் பதறுவதில்லை. அன்றைக்குப் பதறினார். இரண்டு பேரும் கூடி ஒரு யோசனை செய்தோம், அது எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட யோசனை. விடியற்காலையில் பிள்ளை வெளியே போனால்தானே இந்தப் பேச்சு? போகவே கூடாது என்று நிறுத்திவிட்டோம். காரணம் சொல்லவில்லை. நீ குடிக்கிறாய் என்று பெண் வீட்டில் நினைக்கிறார்கள் என்று பெற்ற வாயால் எப்படிச் சொல்வது? நீ சொல் என்று இவர் என்னைப் பார்த்தார், நீங்கள் சொல்லுங்கள் என்று நான் இவரைப் பார்த்தேன். கடைசியில் வாசல் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டு, அவனுடைய செருப்பை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஆபீசுக்கு இவரே மாம்பலத்தில் கூடவே மின்சார ரயிலேறிக் கொண்டு போய் விட்டு, ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருந்து, சாயந்திரம் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறார். அவனுடைய மானேஜர் வெளியே வந்து, தாங்கள் யார் பேரில் பிராது கொடுக்க வந்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாராம்.

பிள்ளை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாட்டில் கை வைத்துக் கோலம் போடுகிறான். தம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. கிழக்கே பார்த்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறான். இரண்டாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேம்மா. அப்புறம் கேக்கவே மாட்டேன்” என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் போன பிறகு முனியம்மாள் என்னிடம் வந்து, “எங்க வூட்டுக்காரரும் குடிய வுட்டப்போ இதே பேச்சுதாம்மா. இதே கொரலு” என்றாள்.

அப்போது விழுந்தது என் நெஞ்சில் கல். அதுவரைக்கும் இல்லாத பழியைப் போட்டுவிட்டோமே என்றுதான் கவலை. இப்போது நிஜமாகவே இருக்குமோ என்று ஆகிவிட்டது. சாயந்திரம் ஆபீசிலிருந்து வந்து அவன் கண்ணயர்ந்தபோது குனிந்து வாயை மோந்து பார்த்தேன், பல்பொடி வாசனைதான் வந்தது. என் மூக்கை நம்பாமல் முனியம்மாளைக் கூப்பிட்டு அவனுடைய ஜிப்பாக்களைக் கொடுத்தேன், அவள் அனுபவப்பட்டவள். ஒன்றொன்றாக மோந்துவிட்டு, “சாராயம் இல்லம்மா, கதம்ப வாசனைதான் கீது. சில பேரு நாத்தம் தெரியக் கூடாதுன்னு பூவு வெச்சிக்குவாங்க” என்றாள். கோயில் பிரசாதம் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்ட கதம்பம், அண்ணா! தன் கையால் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளையின் துணியை வேலைக்காரியிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்லும் நிலைமை எந்தத் தாய்க்கும் வர வேண்டாம். அவன் தண்ணீர் குடித்தால்கூட எட்டித் தம்ளரைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு, இப்படிப் பார்க்கிறோமே என்று அடுப்படியில் போய் அழுகிறேன்.

நேற்று சாயந்திரம் இவர் மயிலாப்பூருக்கு நேரில் போனார். அங்கேயும் கிரகம் விடவில்லை. சுவர் ஓதத்தில் இவருக்கு ஒரு வாரமாக மார்ச்சளி. வைத்தியர் கொடுத்த, சாராய வாசனை அடிக்கிற திராட்சாரிஷ்ட மருந்தில் ஒரு கரண்டி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். பேசுவதற்குத் தைரியம் வேண்டும் என்று அரைத் தம்ளராக ஊற்றிக் குடித்துவிட்டார். குடித்தவர் திரை போட்ட ஜட்காவில் குலுங்கிக் குலுங்கிப் போய், மதுவிலக்குப் பேசுகிறவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, வாயைத் திறந்து பேசியிருக்கிறார். மாசிலாமணி முதலியார் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு நாற்காலியை ஜன்னல் ஓரம் நகர்த்திக்கொண்டாராம். அங்கே நடந்த பேச்சை இவர் வந்து சொன்னபடியே எழுதுகிறேன், உங்களுக்காவது விளங்குகிறதா பாருங்கள்.

“பையன் விஷயமா உங்க தங்கச்சி கேட்டாங்களாம். இனிமே உங்களுக்கு அந்தக் கவலை வேணாம். அடியோட நிறுத்திட்டோம்” என்றாராம் இவர்.

“நிறுத்திட்டீங்களா? யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?” என்றாராம் அவர்.

“யாரைக் கேக்கணும்? பெத்தவங்க நாங்க.”

“ஒரு வருஷம் வளர விட்டுட்டு, இப்போ திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்குமா?”

“பையனும் கொஞ்சம் கஷ்டப்படத்தான் படறான். போகப் போக மறந்துடுவான்.”

“மறந்துடுவானா?” என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து உள்ளே போனவர் போனவர்தானாம். இவர் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, தாமே குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். குடியை நிறுத்தினோம் என்றால் மதுவிலக்குக்காரர் சந்தோஷப்பட வேண்டாமா? யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று கேட்கிறாரே, அது எவ்வளவு பெரிய குத்தல்! அப்பனும் பிள்ளையும் சேர்ந்து குடிக்கிற வீட்டில் நிறுத்தினால் என்ன, நிறுத்தாவிட்டால் என்ன என்றுதானே அர்த்தம்?

ஆகையால் இனி நீங்கள்தான் கதி. என் பேச்சிலும் சுத்தமில்லை, இவர் வாயிலும் வாசனை. சுப்பராயன் சொக்கத் தங்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபடியே இருக்கிறானா என்று எனக்கே இன்றைக்குத் தெரியவில்லை, ஆனாலும் நீங்கள் சத்தியம் செய்ய வேண்டும். பாவம் இருந்தால் அது என்னைச் சேரட்டும். கற்பூரம் அங்கே கேட்டு வாங்க வேண்டாம், கையோடு கொண்டு போங்கள். எந்தப் பழக்கமும் கிடையாது, இருந்ததும் கிடையாது, இருக்கப் போவதும் கிடையாது என்று மூன்று காலத்துக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம், நன்றாகப் படித்து, நல்ல பழக்கங்களோடு என்று எழுத வந்தது, வேண்டாம், தீர்க்காயுசாக இருக்கட்டும். வரும்போது கோயில் இட்லி கொண்டு வர வேண்டாம். இங்கே சாப்பிட யாருக்கும் மனசில்லை. கொண்டு வருவதாக இருந்தால் மிளகைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லுங்கள், இவருக்கு இருமல்.

இப்படிக்கு,
வேறு போக்கிடம் இல்லாத தங்கை,
தேவானை

பின்குறிப்பு: அண்ணா, புறப்படாதீர்கள். புறப்பட்டுவிட்டால் மயிலாப்பூர் பக்கம் போகாமல் நேரே இங்கே வாருங்கள். கற்பூரத்தை அண்ணியிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

மேலே உள்ளதையெல்லாம் எழுதி மடித்து, தபால் பெட்டிக்கு முனியம்மாளை அனுப்பலாம் என்று எழுந்தேன். இவரும் பிள்ளையும் ஆபீசுக்குப் புறப்படுகிற நேரம், வாசலில் ஜட்கா வந்து நின்றது. மாசிலாமணி முதலியாரே இறங்கினார், பின்னால் கெங்கம்மாள். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, “அம்மா, பிள்ளை ஏன் நாலஞ்சு நாளா கோயில் பக்கமே வரலே?” என்று கேட்டார்.

“எந்தக் கோயில்?” என்றேன்.

“கபாலீஸ்வரர் கோயில்தான். சந்நிதித் தெருப் பூக்கடைகிட்டே தெனம் ரெண்டு பேரும் நின்னு பேசிக்கிட்டு இருக்கறதுதானே? எங்க மங்கையோட முன்னாடியே பழக்கமான்னு என் தங்கச்சி கேட்டப்போ, ஆமா, நான்தான் கதவைத் திறந்து அனுப்பறேன், எது வந்தாலும் விட்டுடாதேன்னு சொல்லியிருக்கேன்னு சொன்னீங்களாமே.”

அண்ணா, இவ்வளவுதானா விஷயம்! கடற்காற்றும் இல்லை, கள்ளுக்கடையும் இல்லை. அவர்தான் மேலே பேசினார்.

“கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கலே. பொண்ணைக் கூப்பிட்டுக் கண்டிச்சேன். அவ அழுதுக்கிட்டே என்ன சொன்னா தெரியுமா? ‘அத்தை சொல்றது நிஜமாப்பா? அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியுமா? அப்படின்னா அவங்கதான் எனக்கு மாமியாரா வரணும்’னா. அப்பவே என் கோபம் போயிடுச்சு. இந்தச் சமயத்துல இவர் வந்து, அடியோட நிறுத்திட்டோம், பையன் மறந்துடுவான்னு சொல்லிட்டுப் போறாரு. அவ நேத்தியிலேர்ந்து பச்சைத் தண்ணி தொடலே. நீங்களே சொல்லுங்கம்மா. தெரிஞ்சுதானே அனுப்பினீங்க?”

சுப்பராயன் அலமாரிக்குப் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேப்பங்குச்சிக்குப் பயந்து நின்ற முகம் அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் வரத்தான் வந்தது. ஒரு வருஷம் தினமும் எழுந்து கதவைத் திறந்துவிட்டிருக்கிறேனே! எங்கே போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சங்கத்தில் வேறு பேசினேனே! ஆனால் அந்தப் பெண் அப்படிச் சொல்லியிருக்கிறாளே, அதற்கப்புறம் நான் வேறு என்ன சொல்ல முடியும்? “பெத்தவளுக்குத் தெரியாம எதுங்க நடக்கும்? எல்லாம் தெரிஞ்சுதான் அனுப்பினேன்” என்றேன். “எது?” என்று கேட்க இவர் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஆகையால் நீங்கள் போய்க் கற்பூரத்தை அணைத்து, எந்தப் பழக்கமும் கிடையாது, இருந்ததும் கிடையாது என்று சத்தியம் செய்தால் குடி முழுகிப் போகும். நிச்சயதார்த்தம் குறித்தபடியே நடக்கும். அண்ணியை அழைத்துக்கொண்டு வாருங்கள். தை மாதம் நீங்கள் எடுத்து வைத்த ஜாதகத்தை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்து, மாமா நீங்களாகவே கொண்டுவந்த மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டது சுப்பராயன்தானாமே? இப்போதுதான் ஒப்புக்கொண்டான். அதை நேரில் வைத்துக்கொள்கிறேன், அண்ணா. கெங்கம்மாள் வந்ததிலிருந்து போகிற வரைக்கும் இவரையே ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவர்கள் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த வயசில் அவரும் இப்படித்தான், கல்யாணம் ஆனதும் விட்டுவிட்டார் என்று நான்தானே சொன்னேன். அதை இனி யார் போய் எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இதையெல்லாம்விட இப்போது எனக்குப் பெரிய கவலை வேறு. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடவில்லை என்றாரே தவிர, இங்கிருந்து போனதும் அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுக்கப் போகிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் காரமாக எதையாவது வைத்துவிடுவார்கள். அடுப்பில் கஞ்சி ஏற்றியிருக்கிறேன். ஆறியதும் தூக்கில் ஊற்றிக்கொண்டு நானே மயிலாப்பூருக்குப் போகிறேன்.